இரண்டு முறை எட்டால் வகுத்த கதை

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒரே லைனின் வேகத்தைப் பற்றி இரண்டு பேர் இரண்டு வேறு நாட்களில் என்னிடம் பேசினார்கள். இருவரும் சொன்ன எண் வேறு வேறாக இருந்தது. மூலக்கதை அவ்வளவுதான். மிச்சத்தை நான் ஊதிப் பெரிதாக்கினேன் என்று சொல்ல ஆசைதான். ஊதுவதற்கு வேலையே இருக்கவில்லை என்பதுதான் சங்கடம்.

இரண்டு பேரில் ஒருவன் என் அண்ணன். மற்றவர் அவன் மனைவி, என் அண்ணி. (அண்ணனை ‘அவன்’ என்றும் அண்ணியை ‘அவர்’ என்றும் எழுதுகிறேன். எங்கள் வீட்டு நடைமுறை அப்படி. அண்ணன் இதைப் பற்றிப் பலமுறை முறையிட்டிருக்கிறான்.) கீழ்த்தளத்தில் அவர்கள், மாடியறையில் நான். அண்ணன் ஒரு சின்ன மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பவன். அண்ணி ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் எந்த லைனுக்கு எவ்வளவு வேகம் ஒதுக்குவது என்று திட்டமிடுபவர். அண்ணன் எடுக்கும் படங்கள் தூரத்தில் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போகும். அங்கே ஒரு டாக்டர் அவற்றைப் பார்த்து நோய் என்ன என்று எழுதி அனுப்புவார். படங்கள் போகிற அந்த லைன், அண்ணி திட்டமிட்ட லைன்.

[முதல் வரைவில் இந்த இடத்தில் ‘விதி அவர்களை ஒரே கம்பியின் இரண்டு முனைகளிலும் நிறுத்தி—’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. கேட்டிருந்தால், அது கம்பி இல்லை, கண்ணாடி இழை என்றிருப்பார் அண்ணி. விதி இல்லை, டெண்டர் என்றிருப்பான் அண்ணன். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினேன்.]

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன்: அண்ணனின் தங்கை. சலவை இயந்திரம், தண்ணீர் மோட்டார் போன்றவற்றுக்குக் கையேடு எழுதுவது என் பிழைப்பு. மிச்ச நேரத்தில் கதை.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: ‘வினாடிக்கு முந்நூற்று இருபது மெகாபிட் என்பது—’ இப்படித் தொடங்கும் கதையை நானே மூடி வைத்துவிடுவேன்.

இரண்டாவது: ‘ஈரப் போர்வையை அவள் உதறியபோது அவன் மனதில் ஓர் எண் வந்து விழுந்தது.’ எண் விழுமா, விழுந்தால் சத்தம் வருமா என்று எனக்கே சிரிப்பு வந்தது.

மூன்றாவது கட்டுரையாகப் போய்விட்டது. அதை வைத்துக்கொள்கிறேன். கணக்கு தெரியாமல் கதை புரியாது. இதைத் தாண்டிக் குதிப்பவர்கள் பிறகு என்னைத் திட்டக் கூடாது.

தகவலை அளக்க இரண்டு அளவுகள் புழக்கத்தில் உள்ளன. சின்னது பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். லைன் போடுகிறவர்கள் வேகத்தை பிட்டில் சொல்வார்கள். வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்பது அவர்கள் பேச்சு. படமும் கோப்பும் வைத்திருப்பவர்கள் பைட்டில் சொல்வார்கள். ஏன் இப்படி ஆளுக்கொரு அளவு என்று கேட்டால் இரண்டு தரப்பும் மறு தரப்பைக் காட்டிச் சிரிக்கும். “லைன்ல ஒவ்வொரு பிட்டாதான் போகுது, போறதை எண்றோம்” என்பார் அண்ணி. “எனக்கு வர்றது மூட்டை. மூட்டையை எண்ணாம உள்ள இருக்கற அரிசியையா எண்ணுவேன்?” என்பான் அண்ணன்.

ஆகவே, பிட்டை பைட்டாக மாற்ற எட்டால் வகுக்க வேண்டும். பைட்டை பிட்டாக மாற்ற எட்டால் பெருக்க வேண்டும். எதுவானாலும் ஒரு முறை. இந்தக் கதை அந்த ‘ஒரு முறை’யில்தான் இடறி விழுகிறது.

* அடிக்குறிப்பு போல ஒன்று: மெகா என்றால் பத்து லட்சம் என்பார்கள் லைன்காரர்கள். கோப்புக்காரர்களில் சிலருக்கு அது கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் அவர்களுடைய ஆயிரம் ஆயிரத்து இருபத்து நான்கு. தவிர, லைனில் போவது முழுக்கப் படமும் இல்லை. யாருக்கு, எங்கிருந்து என்று ஒட்டிய முகவரிச் சீட்டுகளும் கூடப் போகும். இதையெல்லாம் இந்தக் கதையில் நான் கண்டுகொள்ளப் போவதில்லை. அண்ணி படித்தால் வருத்தப்படுவார்.

3

கல்யாணமான புதிதில் இருவரும் வேலையைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார்கள். மாடியில் எனக்குக் காது வலிக்கும். பிறகு அண்ணனின் மருத்துவமனைக்கு லைன் போடும் வேலை அண்ணியின் நிறுவனத்துக்கே வந்தது. டீ குடிக்கும் நேரத்தில் யாரோ ஒருவர், “வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு மட்டும் அகலமான ரோடு போல இருக்கு” என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். அண்ணி சிரிக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்.

“இனிமே வீட்ல அந்த லைனைப் பத்திப் பேச்சே வேண்டாம். எதுவா இருந்தாலும் உங்க ஆபீஸ் எங்க ஆபீஸைக் கேக்கட்டும்.”

“சரி” என்றான் அண்ணன்.

அண்ணன் ‘சரி’ என்றால் சரிதான். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதில் அவன் ஒரு மாதிரி. சின்ன வயதில் என்னோடு பேச மாட்டேன் என்று சபதம் செய்துவிட்டு, வீடு முழுக்கப் புகை வந்தபோது சைகையில் சொன்னவன்.

ஒரே ஒரு தடவைதான் அந்த ஒப்பந்தம் மீறப்பட்டது. லைன் உயிர் பெற்ற முதல் வாரம். அதே லைனில்தான் மருத்துவமனையின் தொலைபேசிகளும் ஓடின. படங்களை அளவில்லாமல் தள்ளினால் பேச்சு விக்கும். அதனால் படம் அனுப்பும் மென்பொருளில் ‘இதற்கு மேல் போகாதே’ என்று ஓர் எல்லை வைக்க வேண்டும். அலுவலக வழியில் பதில் வரத் தாமதமானது. வீட்டின் பின்பக்கம் அண்ணி போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“இந்த ஒரு தடவை மட்டும் கேக்கறேன். எவ்வளவு வரைக்கும் தாங்கும்?”

“நாற்பது.”

“நாற்பதா?”

“நாற்பது. அதைத் தாண்டாதீங்க. கிளிப்பை எடுங்க.”

பேச்சு அவ்வளவுதான். கிளிப்பை எடுத்துக் கொடுத்தான்.

இனி இருவர் தலைக்குள்ளும் நுழைய வேண்டும். லைனின் வேகம் முந்நூற்று இருபது மெகாபிட். தொலைபேசிக்கு வேண்டியதைத் தனியே ஒதுக்கிய பிறகு படங்களுக்கு மிஞ்சுவது அது. அண்ணனுக்கு பிட் கணக்கு பிடிக்காது என்பதால், போர்வையை உதறுகிற நேரத்துக்குள் அண்ணி அதை எட்டால் வகுத்துவிட்டார். நாற்பது மெகாபைட். அண்ணன் மொழியில் அண்ணனுக்குச் சொன்னார்.

அண்ணனோ, இவள் லைன்காரி, வாயைத் திறந்தால் பிட்தான் என்று அறிந்தவன். ‘எந்த நாற்பது’ என்று கேட்டு அவர் கொடுத்த சலுகையை நீட்டிக்க விரும்பவில்லை. தானே எட்டால் வகுத்துக்கொண்டான். ஐந்து. மறுநாள் காலை மென்பொருளில் ஐந்து மெகாபைட் என்று எல்லை வைத்தான்.

அன்பு என்ற சொல்லை இந்தக் கதையில் எழுதுவதில்லை என்று முதலிலேயே தீர்மானித்திருந்தேன். வேறு சொல்லைத் தேடி இரண்டு நாள் போனது. கிடைக்கவில்லை. இருவரும் அன்பினால்தான் வகுத்தார்கள்.

4

ஐந்து மெகாபைட் வேகத்தில் ஒரு நோயாளியின் முழுப் படத்தொகுப்பும் போய்ச் சேர நான்கு நிமிடம் ஆகும். நாற்பதில் அரை நிமிடம். நான்கு நிமிடம் ஒன்றும் ஊர் தூங்கிப் போகிற நேரம் இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் பெரிய மருத்துவமனையின் டாக்டர் பல சின்ன மருத்துவமனைகளுக்குப் படம் பார்ப்பவர். முழுதாக வந்து சேர்ந்ததைத்தான் திறப்பார். முதலில் சேர்ந்தது முதலில். அண்ணன் அனுப்பியது பாதி வழியில் இருக்கும்போது மற்ற இடங்களின் படங்கள் விறுவிறுவென்று முன்னே போய் நின்றுவிடும்.

“உங்க படம் வர்றதுக்குள்ள நான் மத்த எல்லாரையும் பார்த்து முடிச்சுடறேன்” என்று டாக்டர் தொலைபேசியில் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு நீல நிற பெஞ்சு இருக்கிறது. அதில் இடம் இல்லாமல் ஆட்கள் சுவரில் சாய்ந்து நிற்பார்கள். அண்ணன் கதவைத் திறக்கும்போதெல்லாம் எல்லா முகமும் அவன் பக்கம் திரும்பும்.

நிர்வாகம் பார்த்தது. இப்படியே போனால் இந்த ஸ்கேன் அறையை மூடிவிடலாம், இயந்திரத்தையும் அதை இயக்குபவரையும் பெரிய மருத்துவமனைக்கே கொண்டுபோய்விடலாம் என்று சொல்லத் தொடங்கியது. பெரிய மருத்துவமனை ஒரு பகல் பயணத் தூரம். அண்ணி வேலை இங்கே. அதாவது, அண்ணன் அங்கே ஓர் அறை எடுத்துத் தங்குவான், மாதத்துக்கு ஒருமுறை பெட்டியோடு வருவான். இந்தக் கதையில் ஆபத்தில் இருப்பது அதுதான். ஒரு லைன் அல்ல, ஒரே வீட்டில் இரண்டு பேர் இருப்பது.

“லைன் சரியில்லைன்னு புகார் கொடுக்க வேண்டியதுதானே?” என்று கேட்டேன். அண்ணன் மதியச் சாப்பாட்டுக்கு வந்து தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“யாருக்குப் புகார் கொடுக்கறது? பொண்டாட்டி போட்ட லைன் மோசம்னு அவ ஆபீஸுக்கே எழுதச் சொல்றியா? அவளுக்கு ஏற்கெனவே அங்க பேச்சு.”

“லைன் அவ்வளவுதான் தாங்குமா?”

“வினாடிக்கு அஞ்சு மெகாபைட். அதுக்கு மேல தாங்காது. அவளே சொன்ன கணக்கு.” தட்டைத் தள்ளினான். “இருக்கறதைத்தானே கொடுக்க முடியும், பாவம்.”

நான் கவனித்த முதல் எண் இது. அப்போது எனக்கு ஒன்றும் தட்டவில்லை.

5

இங்கேதான் என் பாத்திரங்களில் ஒருவர் எனக்கு ஒத்துழைக்க மறுத்தார்.

அண்ணி கெட்டிக்காரர். லைனில் என்ன போகிறது என்று அவர் திரையில் வரைபடமாகத் தெரியும். சாதாரணமாக அது மேடும் பள்ளமுமாக இருக்கும். அண்ணன் மருத்துவமனை லைன் மட்டும் காலையில் ஏறி, நாற்பது மெகாபிட்டில் போய் மேசை போலச் சமமாக நின்றுவிடும். மாலையில் இறங்கும். மேசை மாதிரி இருந்தால் யாரோ எல்லை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இது புதிதாகச் சேர்ந்தவருக்கும் தெரியும். பிறகு எப்படி அண்ணி கண்டுபிடிக்காமல் இருந்தார்? இப்படி ஒரு கேள்வியை வாசகர் கேட்டுவிட்டால் கதை படுத்துவிடும்.

[அவருக்கு அந்த வாரம் காய்ச்சல் என்று ஒரு பத்தி எழுதினேன். மோசடி. கிழித்தேன்.]

[‘சில நேரங்களில் மிக அருகில் இருப்பதைத்தான் நாம்—’ இதையும்.]

உண்மை இதைவிட எளிது. அண்ணி கண்டுபிடித்தார். எல்லை வைக்கப்பட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். வைத்தது தன் கணவன் என்றும் தெரியும். வேலையில் அவன் எவ்வளவு கவனமானவன் என்றும் தெரியும். ஆகவே அவர் எடுத்த முடிவு: அவர்களுக்கு அவ்வளவுதான் தேவை, வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டால் அவன் வேலையைச் சந்தேகிப்பதாகும். தவிர, பேசக் கூடாது என்று சட்டம் போட்டதே அவர்தான்.

ஆக, அண்ணி பார்த்தது காலியான லைன். அண்ணன் பார்த்தது நெரிசலான லைன். இரண்டும் ஒரே லைன். இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், ஒருவருக்கொருவர் தண்ணீர் ஊற்றினார்கள், தலையணை உறை மாற்றினார்கள். அதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

இரண்டாவது எண் எனக்குக் கிடைத்தது துணி காயப்போடும் கொடியருகில்தான். அன்று கிளிப் எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு.

“உங்க அண்ணன் ஆஸ்பத்திரி லைனைக் குறைக்கப் போறோம்” என்றார் அண்ணி. “யார்கிட்டயும் சொல்லாத. எல்லா லைனையும் பார்த்து, உபயோகிக்காத வேகத்தை எடுத்து வேற இடத்துக்குக் கொடுக்கறாங்க. நான் வேண்டாம்னு சொன்னா மறுபடியும் அகலமான ரோடுன்னு ஆரம்பிப்பாங்க. அதனால நானே குறைக்கலாம்னு சொல்லிட்டேன். மாசக் கடைசியில பண்ணுவாங்க.”

“இப்ப எவ்வளவு இருக்கு?”

“முந்நூற்று இருபது மெகாபிட். உங்க அண்ணனுக்குப் புரியட்டும்னு அன்னிக்கு நானே வகுத்து நாற்பதுன்னு சொன்னேன். பாவம், அதுல எட்டுல ஒரு பங்குக்கு மேல அவங்களுக்கு வேலை இல்ல போல. அந்த ஒரு பங்கை மட்டும்தான் விட்டு வைக்கப் போறாங்க.”

இருவருமே ‘பாவம்’ என்றார்கள். அதைத்தான் முதலில் கவனித்தேன். பிறகுதான் எண்ணை. கையேடு எழுதும் இடத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் அளவு எழுதாமல் விட்டால் பக்கம் திரும்பி வந்துவிடும். அந்தப் பழக்கம்தான் உதவியது. கையில் இருந்த கிளிப்பைப் புல்லில் தவறவிட்டேன்.

6

உடனே சொல்லியிருக்கலாமே என்பீர்கள்.

யாரிடம்? அண்ணனிடம் முதலில் சொன்னால், தப்பு அவனுடையதாகிவிடும். சுவரில் சாய்ந்து நின்ற அத்தனை பேருக்கும் தான்தான் காரணம் என்று எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வான். அண்ணியிடம் முதலில் சொன்னால், அளவைச் சொல்லாமல் வெறும் எண்ணைச் சொன்னது அவர் தப்பாகிவிடும். அதுவும் கொடியருகில், தானே போட்ட சட்டத்தை மீறி. இரண்டு வழியிலும் சொன்னவள் நாத்தனார். குடும்பக் கதைகளில் நாத்தனார் வாயைத் திறந்து நல்லது நடந்ததாக நான் படித்ததில்லை. அந்தப் பாத்திரத்தை இத்தனை வருடம் கவனமாகத் தவிர்த்து வந்திருக்கிறேன்.

இருவரிடமும் ஒரே நேரத்தில், ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட வாக்கியத்தைத் தேடித்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். முடித்து, ஞாயிற்றுக்கிழமை இருவரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டுவதாகத் திட்டம். மாதக் கடைசிக்கு நாள் இருந்தது.

7

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று. இருவருக்கும் தெரிந்துவிடுகிறது. அண்ணன் எல்லையை எடுக்கிறான். படம் அரை நிமிடத்தில் பறக்கிறது, நீல பெஞ்சு காலி. இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இது சலவை இயந்திரக் கையேட்டின் கடைசிப் பக்கம் போல இருந்தது.

இரண்டு. யாருக்கும் தெரியவில்லை. அண்ணன் பெட்டியோடு கிளம்புகிறான். அண்ணி வாசலில் நின்று— வேண்டாம். நான் அழுமூஞ்சி இல்லை.

மூன்றாவது முடிவை நான் யோசிக்கவில்லை, கணக்கு போடும்போது தானாக வந்தது. லைனை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கிறார்கள். முந்நூற்று இருபது மெகாபிட் நாற்பது மெகாபிட் ஆகிறது. அதை அண்ணன் மொழியில் சொன்னால் எவ்வளவு?

ஐந்து மெகாபைட்.

அவன் தப்பாக நினைத்திருந்த அதே ஐந்து. அதாவது, குறைத்த மறுநாள் எதுவுமே மாறாது. ஒரு படமும் தாமதமாகாது, ஒரு பேச்சும் விக்காது. தப்பாக இருந்த எண் சரியாகிவிடும். அதற்குப் பிறகு அண்ணன் எல்லையை எடுத்துப் பார்த்தாலும் வேகம் கூடாது. ‘பார்த்தாயா, அஞ்சுதான்’ என்பான். அண்ணியும் ‘பார்த்தாயா, அவ்வளவுதான் தேவைப்பட்டது’ என்பார். இருவரும் சரி. தப்பு நடந்ததற்கான தடயமே இருக்காது. அறையை மட்டும் மூடுவார்கள்.

எழுதுகிறவளாக எனக்கு இது தித்தித்தது. ஓர் ஐந்து நிமிடம் நாற்காலியில் சாய்ந்து அதை ரசித்தேன். பிறகு தங்கையாக எழுந்து, மாதக் கடைசிக்கு எத்தனை நாள் என்று நாட்காட்டியில் எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க முடியாது என்று தோன்றியது.

[லைனைப் பற்றி மட்டும்தானா இந்தக் கணக்கு, மற்றவரால் இவ்வளவுதான் முடியும் என்று நாமே குறைத்துக்கொண்டு, பிறகு உண்மையிலேயே அவ்வளவாகவே— இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். முடித்தால் பிரசங்கம்.]

8

காலையில், முடியாத பக்கங்களைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அண்ணன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அண்ணி அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணி, ஒண்ணு கேக்கணும். அந்த லைன் நாற்பதுன்னு சொன்னீங்களே. நாற்பது என்ன?”

அண்ணனின் கை நின்றது. அண்ணி முகம் சுருங்கியது.

“வீட்ல அந்தப் பேச்சு வேண்டாம்னு இருக்கோமில்ல?”

“கதைக்கு.”

“ஓ, எழுத்தாளரம்மா கதைக்கா.” கொஞ்சம் இளகினார். “அதைப் பத்தி இனிமே என்ன. நேத்து சாயங்காலமே குறைச்சுட்டாங்க. மாசக் கடைசின்னுதான் சொன்னாங்க, முன்னாடியே பண்ணிட்டாங்க. ஒரு வாரத்துக்குள்ள கேட்டா திருப்பிக் கொடுப்பாங்க. ஆனா ஆஸ்பத்திரிக்காரங்க கேக்கணும். அவங்க எதுக்குக் கேக்கப் போறாங்க?”

“இப்ப எவ்வளவு?”

“உங்க அண்ணன் கணக்குல சொன்னா, அஞ்சு மெகாபைட்.”

அப்போதும் அவனுக்காக வகுத்துத்தான் சொன்னார். இந்த முறை அளவையும் சேர்த்துச் சொன்னார் என்பதால் அண்ணன் வகுக்கவில்லை. வெண்ணெய்க் கத்தியை ஓரமாக வைத்தான்.

“குறைச்சாங்களா?” என்றான். “அது எப்பவும் அஞ்சுதானே.”

அண்ணி டீயை வாயருகே கொண்டுபோனவர், அப்படியே நிறுத்தினார். தட்டில் வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. நான் மூன்று வாரமாகத் தேடிய வாக்கியத்தை அண்ணன் ரொட்டித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டான்.

“எப்பவுமா?” என்றார் அண்ணி.

நான் பக்கங்களைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குக் கிளம்பினேன். நாத்தனாருக்கு இதற்குமேல் அங்கே வேலை இல்லை. படியேறும்போது அண்ணன் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது, அண்ணிக்காகத்தான் இருக்க வேண்டும். பிறகு அவன் பேசத் தொடங்கினான். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதன் பிறகு என்ன நடந்தது என்று இந்தக் கதையில் இருக்காது. அவர்கள் சொல்வதைக் கேட்டு, உங்களுக்குப் புரியட்டும் என்று நான் ஒருமுறை மாற்றி எழுதி, நீங்கள் உங்களுக்கு ஏற்றபடி இன்னொருமுறை மாற்றிக்கொண்டு— அந்த வேலையே வேண்டாம். வாரத்தில் இன்னும் நாள் இருக்கிறது. படிக்கட்டில் இடமும் இருக்கிறது. நீங்களே இறங்கிப் போய் உட்காருங்கள். அவன் என்ன சொல்கிறானோ, அவர் என்ன பதில் சொல்கிறாரோ, அப்படியே கேளுங்கள். எதாலும் வகுக்காதீர்கள்.